டம்ளர் மேல் ஒரு கண்

மல்லசமுத்திரத்திலிருந்து திருச்செங்கோட்டுக்கும் சேலத்துக்கும் பஸ் ஏறும் கல்லூரிப் பிள்ளைகளே, இன்றைய தகவல் உங்களுக்குத்தான்.

ரயிலில் முன்பின் தெரியாதவர் நீட்டும் பிஸ்கட்டை வாங்காதே என்று வீட்டில் சொல்லித்தான் அனுப்புகிறார்கள். ஆனால் மயக்க மருந்து கலப்பவர் தெரிந்தவராகவும் இருக்கலாம். மருந்து பிறந்தநாள் விருந்து ஜூஸிலும் இருக்கலாம். மோரில் உப்பு கூடினால் நாக்கு சொல்லிவிடும். ஆனால் இந்த மருந்துகளில் சிலவற்றுக்கு நிறமில்லை, மணமில்லை, சுவையுமில்லை. அதனால் டம்ளர் கண்பார்வையிலேயே இருக்கட்டும். வைத்துவிட்டு எழுந்து போனீர்களா? வந்து குடிக்காதீர்கள், கொட்டிவிடுங்கள்.

தோழிக்குத் திடீரென்று தலை சுற்றுகிறதா? நாக்கு குழறுகிறதா? தனியாக விடாதீர்கள். தூங்கினால் தெளிந்துவிடும் என்று அறையில் விட்டுவிட்டு வராதீர்கள். நினைவு தப்பினால் ஒருக்களித்துப் படுக்க வைத்து, 108-ஐக் கூப்பிடுங்கள். டாக்டரிடம் சந்தேகத்தை உடனே சொல்லுங்கள். இரத்தத்திலும் சிறுநீரிலும் மயக்க மருந்தின் தடயம் வெகுநேரம் நிற்காது.

வீட்டில் திட்டுவார்களே என்று மறைக்க வேண்டாம். குற்றம் கலந்தவருடையது, குடித்தவருடையது அல்ல. பாரதிய நியாய சன்ஹிதா சட்டத்தில் இப்படிக் கலப்பதற்கு 10 ஆண்டு வரை சிறை உண்டு. பெண்களுக்கான உதவி எண் 181. இரவானாலும் எடுப்பார்கள். இப்போதே போனில் பதிந்துகொள்ளுங்கள், பிள்ளைகளே.