எவ்வளவு தூரம்? எவ்வளவு நேரம்?

(முன்னாள் மாணவர் சங்கக் கூடலில் ஆற்றிய உரை)



அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் வெளிநாட்டில் பிள்ளை இல்லாத தெரு அபூர்வம். ஒரு வீட்டில் பெரியவர் காலமானால், ஐஸ் பெட்டி வந்து இறங்கியதும் எல்லோரும் கேட்பது, "பையன் எப்போ வந்து சேருவான்?" என்பதுதான். அதற்கு ஒரு இன்ஜினீயர் எப்படிக் கணக்குப் போட்டுப் பதில் சொல்வது?

பையன் லண்டனில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மீனம்பாக்கம் வடக்கு 13 டிகிரி, கிழக்கு 80 டிகிரி. ஹீத்ரோ வடக்கு 51½ டிகிரி. தீர்க்கரேகை ஏறக்குறைய பூஜ்யம். கோள முக்கோணவியலின் கொசைன் சூத்திரத்தில் போட்டால் பூமியின் மையத்தில் சுமார் 74 டிகிரி கோணம் வரும். ஒரு டிகிரிக்கு 111 கி.மீ.க்குச் சற்று மேல். ஆக, சுமார் 8,230 கி.மீ. மணிக்கு 900 கி.மீ. வேகத்தில் ஒன்பது மணி நேரம், கொஞ்சம் நிமிடங்கள்.

ஆனால் டிக்கெட்டில் பத்து, பதினொரு மணி நேரம் என்றுதான் போட்டிருப்பார்கள். ஏன்?

உலக உருண்டையில் நூல் பிடித்துப் பாருங்கள். பாகிஸ்தான், ஆப்கானிஸ்தானின் ஒரு மூலை, ஈரான், காஸ்பியன் கடல், தென் ரஷ்யா, உக்ரைன் என்று அந்தக் கோடு போகும். உக்ரைன் வான்வெளி 2022 பிப்ரவரியில் மூடப்பட்டது. பாகிஸ்தான் 2019-இல் மாதக் கணக்கில் வழியை அடைத்தது. 2025 ஏப்ரலில் இந்திய விமானங்களுக்கு மறுபடியும் அடைத்தது. கீழே சண்டை என்றால் மேலே சுற்றிப் போக வேண்டியதுதான்!

அடுத்து காற்று. மேற்கிலிருந்து வீசும் மேல்காற்று, லண்டன் போகும்போது எதிர்க்கும், திரும்பும்போது தள்ளிவிடும். 2016 அக்டோபரில் ஏர் இந்தியா, டெல்லி – சான் பிரான்சிஸ்கோ விமானத்தை அட்லாண்டிக் வழியிலிருந்து பசிபிக் வழிக்கு மாற்றியது. தூரம் சுமார் 1,400 கி.மீ. கூடியது, நேரமோ ஏறக்குறைய இரண்டு மணி குறைந்தது!

இப்போது பையன் கணக்குக்கு வருவோம். குளிர்காலத்தில் லண்டன் கடிகாரம் நமக்கு ஐந்தரை மணி பின்னால். அங்கே காலை 9 மணிக்கு வீட்டைப் பூட்டுகிறான். பகல் ஒரு மணிக்கு நேர் விமானம் என்றால், பத்து மணி நேரம் பறந்து, இங்கே விடிகாலை 4.30-க்கு இறங்குவான். இமிக்ரேஷன், பெட்டி என்று ஒரு மணி. பைபாஸ் பிடித்து ஆவடி வர இன்னொரு மணி. ஆக, காலை 6.30. வாசலுக்கு வாசல் பதினாறு மணி நேரம். அதுவும் உடனே சீட் கிடைத்தால்! துபாய், தோஹாவில் மாறி வந்தால் இன்னும் கூடும்.

தம்பி தங்கைகளே, வெளிநாடு போகாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. போகிற ஊரின் இந்த வாசல் கணக்கைப் போட்டு வீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். அப்பா அம்மா நல்லா இருக்கும்போதே, அந்தப் பதினாறு மணி நேரத்தைச் செலவழித்து அடிக்கடி வந்து பார்த்துவிட்டும் போங்கள்.