ஏ ஷிப்ட் முடிந்து ஒரு தீவு

இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், வல்லம் வடகால், ஒரகடம் வட்டாரத் தொழிற்சாலைகளில் ஒரே லைனில் வேலை பார்ப்பவர்கள் சேர்ந்து போகும் இரண்டு நாள் பயணத்துக்கு ‘டூர்’ என்றுதான் பெயர். குழந்தைகள் அதில் வருவதில்லை, பெற்றோரும் வருவதில்லை. பெரியவர்கள் மட்டும் என்று யாரும் பலகை மாட்டி வைக்கவில்லை. சேரும் ஆட்கள் அப்படி அமைகிறார்கள். இருங்காட்டுக்கோட்டையில் முதல் கார் 1998-இல் வெளிவந்ததிலிருந்து இந்த வட்டாரம் ஊரை விட்டு வந்த இளைஞர்களின் வட்டாரமாகிவிட்டது. வல்லம் வடகாலில் பெண் தொழிலாளர்களுக்கென 18,720 படுக்கைகளோடு கட்டப்பட்ட விடுதி 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. வீட்டுக்கும் லைனுக்கும் இடையில் வேறெதுவும் இல்லாத வாழ்க்கையில், இரண்டு நாள் எங்காவது போய் வருவது ஒரு தேவை. அந்த ‘எங்காவது’ பெரும்பாலும் கடற்கரையாக இருக்கும், சில நேரம் தீவாகவும் இருக்கும்.

வெளிநாடுகளில் இது ஒரு தனி வணிகம். ஜமைக்காத் தீவில் 1981-இல் தொடங்கிய சாண்டல்ஸ் விடுதி, ஜோடிகளுக்கு மட்டும் என்று விதி வைத்தே பெயர் வாங்கியது. மாலத்தீவில் ஒரு தீவு முழுவதும் ஒரே விடுதியாக இருப்பது வழக்கம். அவற்றில் சில சிறுவர்களை ஏற்பதில்லை. பணம் கட்டினால் போதும், மற்றதை விடுதியே பார்த்துக்கொள்ளும். ஒரகடத்து ஆளுக்கு அந்த வசதி இல்லை. அவர் திட்டத்தைத் தாமே போட வேண்டும். அதனால்தான் அது ஒரு கைத்தொழில் போல, செய்து செய்து தேறும் கலையாக இருக்கிறது.

முதல் கேள்வி எந்தத் தீவு என்பது. அந்தமானின் பெயர்தான் எல்லோர் வாயிலும் முதலில் வரும். சென்னையிலிருந்து விமானம் இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான நேரத்தில் போர்ட் பிளேயரில் இறக்கிவிடும். 2024 செப்டம்பரிலிருந்து அந்த ஊருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர். ஆனால் பார்க்க விரும்பும் கடற்கரை அங்கே இல்லை. அது ஹேவ்லாக் எனப்பட்ட ஸ்வராஜ் தீவில் இருக்கிறது. அதற்குத் தனியாக ஒரு கப்பல். போக ஒரு நாள், வர ஒரு நாள் என்று கழித்தால் வார இறுதியில் மிஞ்சுவது ஒன்றுமில்லை. நான்கு நாள் விடுப்பு கிடைத்தவர்களுக்கே அந்தமான்.

மன்னார் வளைகுடாவில் ராமேஸ்வரம் தொடங்கி தூத்துக்குடி வரை வரிசையாக 21 தீவுகள் உண்டு. படத்தில் பார்த்தால் மாலத்தீவுக்குக் குறைவில்லை. அவை 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. வனத்துறை அனுமதியில்லாமல் காலடி வைக்க முடியாது, இரவு தங்கும் பேச்சே இல்லை. படகுக்காரர் ‘பாத்துக்கலாம் தம்பி’ என்று சொல்வதை நம்பிக் கிளம்புவது திட்டமிடலில் சேராது.

ஒரு நாள் மட்டுமே கையில் இருந்தால் ஸ்ரீரங்கம் இருக்கிறது. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் கிடக்கும் ஆற்றுத்தீவு அது. ஸ்ரீபெரும்புதூரில் பிறந்த இராமாநுசர் வாழ்ந்து முடித்த இடமும் அந்தத் தீவுதான் என்பதால், இந்த ஊரிலிருந்து தீவுக்குப் போகும் வழக்கத்துக்கு ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு வயது என்று வேடிக்கையாகச் சொல்லிக்கொள்ளலாம்.

கடல் சூழ்ந்த தீவு, இரண்டு நாள், தொழிலாளியின் சம்பளம் ஆகிய மூன்றும் ஒத்துவரும் இடம் பாம்பன் தீவு. ராமேஸ்வரம், தங்கச்சிமடம், அக்காள்மடம், பாம்பன், தனுஷ்கோடி எல்லாம் அந்த ஒரே தீவில் அடங்கியவை. அங்கே போக விமானமும் வேண்டாம், கப்பலும் வேண்டாம். மண்டபத்திலிருந்து கடல்மேல் போகும் சாலைப் பாலம் 1988 முதல் இருக்கிறது. ரயில் பாலம் அதைவிட மூத்தது, 1914-இல் திறந்தது. அந்தப் பழைய பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில் நின்றது. அதன்பின் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ரயில்கள் தீவுக்குள் நுழையாமல் கரையிலேயே திரும்பின. நடுத் தூக்குப்பகுதி செங்குத்தாக மேலே எழும் புதிய பாலம் 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்டது. அன்றே தாம்பரம்–ராமேஸ்வரம் ரயிலும் தொடங்கியது. ஒரகடம் வட்டாரத்துக்கு இந்த ரயில் பெரிய வரவு.

பயணத்தின் சூட்சுமம் முழுவதும் ஷிப்டில் இருக்கிறது. பல தொழிற்சாலைகளில் காலைக்கு ஏ, மதியத்துக்கு பி, இரவுக்கு சி என்று மூன்று ஷிப்ட். வாரத்துக்கு வாரம் மாறும். வார விடுமுறை ஞாயிறு ஒரு நாள்தான். ஆக இரண்டு நாள் பயணத்துக்குச் சனிக்கிழமை ஒரு சிஎல் (தற்செயல் விடுப்பு) போட்டாக வேண்டும். எந்தச் சனிக்கிழமை என்பதில்தான் புத்தி தேவை. வெள்ளிக்கிழமை ஏ ஷிப்ட் முடிந்து, அடுத்த திங்கள் பி ஷிப்டுக்கு மாறும் வாரமே உகந்த வாரம். வெள்ளி மதியம் வேலை முடிகிறது, அன்றிரவு ரயில். ஞாயிறு மாலை திரும்பும் ரயில், திங்கள் காலை வந்து குளித்துச் சாப்பிட்டு, மதியம் கம்பெனி பஸ் ஏறிவிடலாம். ஒரே ஒரு சிஎல்லில் முழுதாக இரண்டு பகல் தீவில் கிடைக்கும். சி ஷிப்ட் வாரத்தில் கிளம்புகிறவர்கள் சனிக்கிழமையைத் தூங்கியே தொலைக்கிறார்கள். லைனில் பாதிப்பேர் ஒரே நாளில் சிஎல் கேட்டால் சூப்பர்வைசர் கையெழுத்துப் போடமாட்டார் என்பதால், நாலைந்து பேருக்கு மேல் ஒரே லைனிலிருந்து கிளம்பாமல் வேறு லைன் ஆட்களைச் சேர்த்துக்கொள்வதும் இந்தக் கலையில் அடங்கும். விடுதியில் தங்கியிருக்கும் பெண்கள், வெளியே போக வாங்கும் அவுட் பாஸ் கணக்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

ரயிலா, வேனா என்ற வாக்குவாதம் எல்லாக் குழுவிலும் நடக்கும். ஒரகடத்திலிருந்து சிங்கபெருமாள்கோவில் போய் ஜிஎஸ்டி சாலையில் ஏறினால், விழுப்புரம், திருச்சி, ராமநாதபுரம் என்று ஏறக்குறைய 550 கிலோமீட்டர். இரவு முழுக்க ஓட்ட வேண்டும். வேனில் பாட்டு உண்டு, நினைத்த இடத்தில் டீ உண்டு. இருந்தும் ரயிலே மேல். விடிகாலை நாலு மணிக்கு எழுந்து ஏ ஷிப்ட் பார்த்தவர் இரவு ஸ்டியரிங் பிடிப்பது சரியல்ல. பிடித்தே தீருவேன் என்பவரை வாடகை வேனின் பின்சீட்டில் உட்கார வைப்பது நல்லது. ரயிலேறப் பலர் எழும்பூருக்கு ஓடுகிறார்கள், அது வீண் அலைச்சல். ராமேஸ்வரம் போகும் போட் மெயில், சேது எக்ஸ்பிரஸ் இரண்டும் தாம்பரத்திலும் செங்கல்பட்டிலும் நிற்பவை. ஒரகடத்து ஆளுக்குச் செங்கல்பட்டு கைக்கெட்டும் தூரம்.

போட் மெயில் என்ற பெயருக்குக் காரணமும் இந்தத் தீவுதான். அந்த ரயில் ஒரு காலத்தில் தனுஷ்கோடி வரை ஓடியது; அங்கிருந்து கப்பல் ஏறினால் தலைமன்னார். 1964 டிசம்பர் 22 இரவு வந்த புயல் தனுஷ்கோடியை அழித்தது. பாம்பனிலிருந்து போன பயணிகள் ரயில் ஒன்று ஆட்களோடு கடலில் போனது. இன்று அங்கே மிச்சம் நிற்பது தேவாலயத்தின் சுவர்களும் ரயில் நிலையத்தின் இடிபாடுகளும். செல்ஃபி எடுக்கப் போகிறவர்கள் ரயிலிலேயே இதைத் தெரிந்துகொண்டு இறங்கினால், அந்தச் சுவருக்கு முன் நிற்கும் விதம் கொஞ்சம் மாறும்.

தங்குமிடத்தில்தான் பெரியவர்கள் மட்டும் போகும் குழுவுக்கு உண்மையான சிக்கல். ராமேஸ்வரம் யாத்திரை ஊர். அதன் மடங்களும் சத்திரங்களும் குடும்பங்களை எதிர்பார்த்துக் கட்டியவை. எட்டு இளைஞர்கள் முதுகுப்பையோடு போய் நின்றால் ‘பேச்சிலருக்கு ரூம் இல்லை’ என்ற பதில் வருவதற்கு வாய்ப்பு அதிகம். முன்கூட்டியே தொலைபேசியில் எத்தனை பேர், ஆணா பெண்ணா, யாருக்கு யார் என்ன உறவு என்பதை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். ஆளுக்கொரு ஆதார் கையில் இருக்க வேண்டும். மணமாகாத ஆணும் பெண்ணும் ஓர் அறையில் தங்குவது குற்றமில்லை என்று கோவை விடுதி வழக்கு ஒன்றில் 2019-இல் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் தீர்ப்பை வரவேற்பறையில் படித்துக் காட்டி அறை வாங்கிவிட முடியாது; அப்படிப்பட்டவர்களை ஏற்கும் விடுதியை முன்பே கேட்டு வைத்துக்கொள்வதே காரியம். கடற்கரையை ஒட்டி தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் ஓட்டலும் உண்டு. அறை வாடகை 24 மணி நேரக் கணக்கா, காலை நேரக் கணக்கா என்பதையும் கேட்டு வைக்க வேண்டும். ரயில் விடிகாலையில் இறக்கிவிடும்; காலைக் கணக்கு வைத்திருக்கும் விடுதி, கணக்கு தொடங்கும் முன்னான அந்தச் சில மணி நேரத்துக்கே ஒரு நாள் வாடகையை வாங்கிவிடும்.

நாள்காட்டியில் பார்க்க வேண்டியது அமாவாசை. ஆடி, மகாளய, தை அமாவாசைகளில் தீவு முழுக்கத் திதி கொடுக்க வந்தவர்கள் இருப்பார்கள். அப்போது போவது ஓய்வு ஆகாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். மீன் குழம்புக்காகவே போகிறவர்கள் அந்த 61 நாளைத் தவிர்க்கலாம். டிசம்பர் கடைசியிலிருந்து மார்ச் வரை தனுஷ்கோடிச் சதுப்பில் பூநாரைகள் நிற்கும். அந்தப் பகுதியில் சுமார் 525 ஹெக்டேரைப் பூநாரை சரணாலயமாக அரசு 2025 ஜூனில் அறிவித்தது.

தீவில் இறங்கியபின் செய்யும் பெரிய பிழை, பட்டியல் போட்டு ஓடுவது. கன்வேயர் வேகத்தில் வாரம் ஆறு நாள் ஓடுகிறவர், ஞாயிற்றுக்கிழமையும் ஒரு மணி நேரத்துக்கு மூன்று இடம் என்று ஓடினால் அது ஓவர்டைம் பார்த்தது போலத்தான், கூலி மட்டும் கிடையாது. சனிக்கிழமை காலையை அப்படியே தூங்க விட்டுவிடலாம். பதினொரு மணிக்கு மேல் பாம்பன் பக்கம் போய், சாலைப் பாலத்தில் நின்று புதிய ரயில் பாலத்தைப் பார்க்கலாம். இயந்திரத்தோடு பழகியவர்களுக்கு அந்தத் தூக்குப் பாலம் கோயில் கோபுரத்தைவிடக் கூடுதல் நேரம் பிடிக்கும்; 72.5 மீட்டர் நீள இரும்பு நேராக 17 மீட்டர் மேலே எழும் வேலை அது. மீன் சாப்பாடும் அந்தப் பக்கமே. ராமேஸ்வரத்தில் கோயிலைச் சுற்றிய வீதிகளில் பெரும்பாலும் சைவக் கடைகள்.

மதியத்துக்குப் பின் தனுஷ்கோடி. முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரையிலான ஒன்பதரை கிலோமீட்டர் சாலை 2017-இல் திறந்தது. அதற்கு முன் மணலில் தடுமாறிப் போகும் வேன்கள்தான். இப்போது அரசு டவுன் பஸ்ஸிலேயே போகலாம். இருட்டுவதற்குள் போலீஸ் எல்லோரையும் திருப்பி அனுப்பிவிடும் என்பதால் நாலு மணிக்கு மேல் கிளம்புவதில் பயனில்லை. அங்கே ஒரு பக்கக் கடலைப் பெண் கடல் என்றும் மறுபக்கத்தை ஆண் கடல் என்றும் உள்ளூர்க்காரர்கள் சொல்கிறார்கள். ஒன்று அமைதி, மற்றது ஆர்ப்பாட்டம். முனையில் இரண்டும் சேரும் இடத்தில் நீரோட்டம் பலமானது. கால் நனைக்கலாம், குளிக்கக் கூடாது. குடித்துவிட்டு வந்தவரைத் தண்ணீர்ப் பக்கமே விடக் கூடாது. நண்பர்கள் குழுவில் இதைச் சொல்ல ஒருவராவது துணிய வேண்டும்.

ஞாயிறு விடிகாலை கோயிலுக்கு. கோயிலுக்குள் இருக்கும் 22 தீர்த்தங்களிலும் வாளியால் மொண்டு தலையில் ஊற்றுவதைப் பக்தி இல்லாதவர்களும் ரசிக்கிறார்கள். அதன்பின் ஈரத்தோடு சன்னதிக்குள் போக முடியாது. மாற்றுடை வேண்டும், அதை வைத்துக்கொண்டு வெளியே நிற்க ஓர் ஆளும் வேண்டும். வெளிப் பிரகாரத்தின் தூண் வரிசையில் சும்மா ஒரு சுற்று நடப்பதற்கு அரை மணி நேரம் ஒதுக்குவது தகும். பத்து மணிக்குள் இது முடிந்துவிடும். மாலை ரயில் வரை மிச்சமுள்ள பகலில் எதையும் போடாமல் விடுவதே இந்தத் திட்டத்தின் சிறந்த பகுதி. விருப்பமுள்ளவர்கள் பேக்கரும்பில் அப்துல் கலாம் நினைவிடம் போவார்கள், மற்றவர்கள் அக்னி தீர்த்தக் கரையில் சுண்டல் தின்றபடி உட்கார்ந்திருப்பார்கள்.

செலவுக்கு மூன்று மாதம் முன்பிருந்தே சிறுதொகை சேர்த்து ஒருவர் கையில் கொடுப்பது நடைமுறை. அந்த ஒருவர் கணக்கை குரூப்பில் அன்றாடம் போட்டுவிட்டால், திரும்பி வந்தபின் லைனில் முகம் பார்க்காமல் நிற்கும் நிலை வராது.

ரயில் முன்பதிவு 2024 நவம்பரிலிருந்து 60 நாள் முன்பு திறக்கிறது. பூநாரை பார்க்க ஜனவரி கடைசி வெள்ளிக்குக் கிளம்ப நினைப்பவர்கள் நவம்பர் முடியும் தறுவாயிலோ டிசம்பர் பிறந்ததுமோ டிக்கெட் எடுக்க வேண்டும். முன்பதிவு திறப்பது காலை 8 மணிக்கு. அந்நேரம் ஏ ஷிப்ட் ஆட்கள் லைனில் நிற்பார்கள், போன் லாக்கரில் இருக்கும். ஆகவே டிக்கெட் எடுக்கும் பொறுப்பை அந்த வாரம் பி ஷிப்ட் பார்க்கும் ஒருவரிடம், எல்லோருடைய பெயரும் வயதும் எழுதி, முந்தின நாளே கொடுத்துவிட வேண்டும்.