வீட்டுக்குக் கேமரா வாங்கும் முன்

(பென்னலூரில் தொடக்க, உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஆசிரியர் கூட்டத்தில் கண்காணிப்புக் கேமராவைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று சிலர் நினைக்கலாம். நம் பள்ளிகள் இருக்கும் இடத்தைப் பார்த்தால் காரணம் விளங்கும். ஒரு பக்கம் இருங்காட்டுக்கோட்டை, மறுபக்கம் திருப்பெரும்புதூர், தெற்கே ஒரகடம். மூன்று ஷிப்டும் ஓடுகிற பகுதி இது. வல்லம் வடகாலில் மட்டும் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் குடியிருப்பு 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. நம் மாணவர்களின் அப்பா காலை ஷிப்ட், அம்மா இரண்டாம் ஷிப்ட் என்றால், பிள்ளை நான்கரை மணிக்குப் பூட்டிய வீட்டைத் தானே திறந்துகொண்டு உள்ளே போகிறது. அந்தப் பெற்றோர்தான் கேமரா வாங்குகிறார்கள். வாங்கும் முன் கேட்பது உங்களிடம்: “சார், எது நல்லா இருக்கும்?”

அந்தக் கேள்விக்குக் கம்பெனிப் பெயரைச் சொல்வதற்கு முன் ஒரு கேள்வியை நாம் திருப்பிக் கேட்க வேண்டும். “எதற்குப் பயப்படுகிறீர்கள்?” திருட்டுக்கா, பிள்ளை தனியாக இருப்பதற்கா, வாசலில் நிறுத்தும் வண்டிக்கா? பதிலுக்கு ஏற்பச் செலவு மாறும். திருட்டுப் பயம் என்றால் முதல் செலவு நல்ல பூட்டுக்கும், தாழ்ப்பாளுக்கும், வாசல் விளக்குக்கும். கேமரா நடந்ததைக் காட்டும். கதவை உடைப்பவன் கையைப் பிடிக்காது. வெளியூர் போகும்போது காவல் நிலையத்தில் தகவல் சொல்லிவிட்டுப் போனால், பூட்டிய வீட்டை ரோந்துக் காவலர்கள் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு உண்டு. அதற்குப் பணம் கிடையாது.

அடுத்தது கணக்கு. இது நமக்குப் பழக்கமான இடம். சாதாரண இரண்டு மெகாபிக்சல் கேமரா ஒன்று விநாடிக்கு 2 மெகாபிட் வேகத்தில் பதிகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளுக்கு 86,400 விநாடி. எட்டால் வகுத்தால் ஏறக்குறைய 21.6 ஜிபி. நான்கு கேமராவுக்கு 86 ஜிபி. கடைக்காரர் தரும் ஒரு டிபி வன்தட்டு 11 நாளில் நிரம்பி, பழையதை அழித்து எழுதத் தொடங்கும். இரண்டு வாரக் கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போய்த் திரும்பும் குடும்பத்துக்கு முதல் சில நாட்களின் பதிவு இருக்காது. அசைவு இருந்தால் மட்டும் பதியும்படி வைத்தால் நாட்கள் கூடும். நான்குக்குப் பதில் வாசலுக்கு ஒன்று, பின்கதவுக்கு ஒன்று போதுமா என்று யோசித்தால் பணமும் மிச்சம்.

மின்சாரத்துக்கும் கணக்கு உண்டு. ஒரு கேமராவுக்கு 5 வாட் என்றால் நான்குக்கு 20; பதிவுக் கருவிக்கு 15. மொத்தம் 35 வாட், 24 மணி நேரமும். ஒரு நாளுக்கு 0.84 யூனிட், இரண்டு மாதத்துக்கு ஏறக்குறைய 50 யூனிட். தமிழ்நாட்டில் 2025இல் வீடுகளுக்கு இரு மாதத்துக்கு 100 யூனிட் இலவசமாக இருந்தது. அதில் பாதியளவைக் கேமராவே எடுத்துக்கொள்கிறது. பத்தாம் வகுப்பு மின்னோட்டவியல் பாடத்துக்கு இதைவிட நல்ல பயிற்சிக் கணக்கு கிடைக்காது.

இனி, பலர் கவனிக்காமல் விடும் பகுதி: கடவுச்சொல். 2016 அக்டோபர் 21 அன்று அமெரிக்காவில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் உள்ளிட்ட பல தளங்கள் மணிக்கணக்கில் முடங்கின. காரணம் ‘மிராய்’ என்ற தீநிரல். அது வீட்டுக் கேமராக்களையும், பதிவுக் கருவிகளையும், இணையத் திசைவிகளையும் தேடிப் போய், தொழிற்சாலையில் வைத்த ஏறத்தாழ அறுபது பயனர் பெயர், கடவுச்சொல் இணைகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தது. கடவுச்சொல்லை மாற்றாத கருவிகள் எல்லாம் அதன் படையாகிவிட்டன. நம் நாட்டில், 2025 பிப்ரவரியில் குஜராத்தின் ராஜ்கோட்டில் ஒரு மகப்பேறு மருத்துவமனையின் கேமராக் காட்சிகள் திருடப்பட்டு, இணையத்தில் விலை வைத்து விற்கப்பட்டது தெரியவந்தது. சிகிச்சைக்கு வந்த பெண்களின் காட்சிகள் அவை. அங்கும் எளிதில் ஊகிக்கக்கூடிய கடவுச்சொல்லே வழி திறந்துவிட்டதாகச் செய்திகள் வந்தன.

எனவே கேமரா பொருத்தும் ஆள் வீட்டை விட்டுக் கிளம்பும் முன் நான்கு வேலை முடிய வேண்டும். ஒன்று, கடவுச்சொல்லை வீட்டுக்காரரே மாற்ற வேண்டும். இரண்டு, செயலியில் முதன்மைக் கணக்கு வீட்டுக்காரரின் எண்ணில் இருக்க வேண்டும். சோதனைக்காகப் பொருத்தியவர் சேர்த்த தன் கைபேசியை நீக்க வேண்டும். மூன்று, ஓடிபி கேட்கும் இரட்டைச் சரிபார்ப்பு இருந்தால் இயக்க வேண்டும். நான்கு, மென்பொருள் புதுப்பிப்பு எப்படி வரும் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். 2025 ஏப்ரல் முதல், சிசிடிவி கேமராக்கள் இணையப் பாதுகாப்புச் சோதனையிலும் தேற வேண்டும் என்று ஒன்றிய அரசு விதித்துள்ளது. பெட்டியில் பிஐஎஸ் முத்திரையும், ‘ஆர்’ என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கின்றனவா என்று பாருங்கள். ‘பிஐஎஸ் கேர்’ செயலியில் அந்த எண்ணைச் சரிபார்க்கலாம். பில் கேட்டு வாங்குங்கள். பில் இருந்தால்தான் பழுதானபோது கடையிடம் நியாயம் கேட்க முடியும். கடை மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

நம் பகுதியில் லைன் வீடுகள் அதிகம். ஒரு முற்றம், ஒரு குழாய், ஒரு குளியலறை, ஐந்தாறு குடும்பம். அங்கே வாசலைப் பார்க்கும் கேமரா பக்கத்து வீட்டுப் பெண் தண்ணீர் பிடிப்பதையும் பார்க்கும். கொல்கத்தாவில் ஒரே வீட்டில் வாழ்ந்த சகோதரர்களுக்குள் இப்படியொரு வழக்கு. உடன் வசிப்பவரின் இசைவின்றி வீட்டின் குடியிருப்புப் பகுதியில் கேமராவை இயக்கக்கூடாது என்று 2025இல் கல்கத்தா உயர் நீதிமன்றம் கூறியது. உச்ச நீதிமன்றமும் அதில் தலையிடவில்லை. ஒருவரின் உடலின் அந்தரங்கப் பகுதியை அவர் இசைவின்றிப் படம்பிடிப்பதும் பரப்புவதும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ பிரிவின்படி குற்றம். மூன்றாண்டு வரை சிறையும், இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். சட்டம் வரைக்கும் போகாமல் இருக்க எளிய வழி: பொருத்தும் முன் பக்கத்து வீட்டாரிடம் சொல்லி, கைபேசித் திரையில் எது தெரிகிறது என்று அவர்களுக்கே காட்டிவிடுவது. வேண்டாத பகுதியைத் திரையில் மறைக்கும் வசதி பல கேமராக்களில் உண்டு.

இப்போது நமக்கு மிக முக்கியமான இடத்துக்கு வருகிறேன். தனியாக இருக்கும் பிள்ளை. இங்குள்ள பல தொழிற்சாலைகளில் பணியிடத்துக்குள் கைபேசியைக் கொண்டுபோக முடியாது. கேமரா மாலை ஆறு மணிக்கு எச்சரிக்கை அனுப்பினாலும் அம்மா அதைப் பார்ப்பது ஷிப்ட் முடிந்து இரவு பத்து மணிக்கு மேல். அதனால் கேமரா வாங்கும் பெற்றோரிடம் நாம் கேட்க வேண்டியது, “அந்த எச்சரிக்கை வேறு யாருக்குப் போகும்? ஐந்து நிமிடத்தில் வந்து கதவைத் தட்டக்கூடியவர் யார்?” என்பதுதான். எதிர்வீட்டு அக்காவோ, தெருமுனைப் பாட்டியோ, வீட்டு உரிமையாளரோ, ஒருவர் பெயர் வேண்டும். அந்தப் பெயர் இல்லாவிட்டால் கேமரா இருந்தும் பிள்ளை தனியாகத்தான் இருக்கிறது.

கேமரா இருப்பது பிள்ளைக்குத் தெரிய வேண்டும். கூடத்திலும் வாசலிலும் இருக்கலாம். உடை மாற்றும் அறையில் கூடாது. கேமராவின் ஒலிபெருக்கி வழியாகத் திட்டும் பழக்கம் வேண்டாம். எந்நேரமும் பார்க்கப்படுகிறோம் என்று எண்ணும் பிள்ளை, கேமராவுக்கு எட்டாத மூலையைத் தேடிக்கொள்ளும். பிறகு பெற்றோரிடம் சொல்ல வேண்டியதையும் சொல்லாது. “வந்துட்டியா கண்ணு, சாப்பிட்டியா?” என்று கேட்கவும் அதே ஒலிபெருக்கிதான் உதவுகிறது.

நமக்கும் ஒரு கடமை உண்டு. சைக்கிள் திருட்டு, கல்லெறிதல் என்று ஏதேனும் ஒரு கேமராக் காட்சியைப் பள்ளி வாட்ஸ்அப் குழுவில் போட்டு, “இந்தப் பையனைத் தெரியுமா?” என்று கேட்பார்கள். அதை நாம் பகிரக்கூடாது. சட்டத்துக்கு முரண்பட்ட சிறாரின் பெயர், பள்ளி, படம் ஆகியவற்றை வெளியிட இளைஞர் நீதிச் சட்டம், 2015இன் 74ஆம் பிரிவு தடை விதிக்கிறது. காட்சியைத் தலைமையாசிரியரிடமோ காவல் நிலையத்திலோ நேரில் காட்டினால் போதும். படம் தவறாகப் பரவிவிட்டால் சைபர் குற்ற உதவி எண் 1930, குழந்தைகளுக்கான உதவி எண் 1098.

மற்ற வீட்டுப் பொருட்களுக்கும் இதே வழிதான். தேவை என்ன, இயக்கச் செலவு என்ன, பழுதானால் யார் வருவார்? தொலைக்காட்சியும் குளிர்பதனப் பெட்டியும் வாஷிங் மெஷினும் தயாராகும் ஊர் இது. ஆனாலும் அவற்றைத் தவணையில் வாங்கும் குடும்பங்கள் நட்சத்திரக் குறியீட்டில் அச்சிட்டிருக்கும் ஆண்டு யூனிட் எண்ணைப் படிப்பதில்லை. பழைய மின்விசிறி 75 வாட்; பிஎல்டிசி மின்விசிறி ஏறக்குறைய 30 வாட். நாளுக்கு 12 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 32 யூனிட் மிச்சம். கேமரா தின்னும் மின்சாரத்தில் பாதிக்கு மேல் அந்த ஒரு மின்விசிறியே ஈடுகட்டிவிடும்.

அடுத்த வாரம் உங்கள் வகுப்பில் ஒரு சிறு வேலை கொடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு மாணவரும் தம் வீட்டு மின்பொருட்களின் வாட் அளவைப் பார்த்து எழுதி, இரு மாத யூனிட்டைக் கணக்கிட்டு வரட்டும். கீழே ஒரு வரி: “நான் தனியாக இருக்கும்போது உதவிக்கு ஓடி வரக்கூடியவர் யார்?” அந்த வரி காலியாக இருக்கும் தாள்களைத் தனியே எடுத்து வையுங்கள். அந்தப் பெற்றோரை முதலில் சந்தியுங்கள்.