அண்ணிக்குப் பொய் சொல்லத் தெரியாது



'வாழ்க்கைக்குக் கைகொடுப்பது உண்மையா? சமாளிப்பா?' இதுதான் தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய நண்பர் ஒரு யோசனை சொன்னார். மருத்துவக் காப்பீட்டுப் படிவத்தில் 'ஏற்கெனவே நோய் உண்டா?' என்று கேட்டால், 'இல்லை'ன்னு டிக் அடிச்சிடுங்க, அதுதான் புத்திசாலித்தனம் என்றார். நீங்களும் கை தட்டினீங்க. 2017-இல் என் அண்ணன் அதே புத்திசாலித்தனத்தைச் செய்தார்.

அவருக்கு 2012 முதல் சர்க்கரை. ஏஜெண்ட் சொன்னாராம், "சார், சுகர்னு எழுதினா பிரீமியம் ஏறும், நாலு வருஷம் வெயிட்டிங். எதுக்கு வம்பு?" அண்ணன் காலையில் சர்க்கரை மாத்திரையை வாயில் போட்டார்; அதே கையால் 'இல்லை' என்று டிக் அடித்தார். (சிரிப்பு)

ஐந்து வருஷம் ஒரு தவணை தவறவில்லை. 2022 ஆகஸ்டில் நெஞ்சுவலி. ராத்திரி இரண்டு மணி. டியூட்டி டாக்டர் கேட்டார், "சுகர் இருக்காம்மா?" அண்ணி என்ன சொல்வாங்க? புருஷன் உயிர் ஊசலாடுது. "பத்து வருஷமா இருக்குங்க டாக்டர்" என்றார். டாக்டர் அதைக் கேஸ் ஷீட்டில் எழுதினார். இரண்டு ஸ்டென்ட் வைத்தார்கள். பில் 3,40,000 ரூபாய்.

கம்பெனிக்காரர்கள் கேஸ் ஷீட்டைத்தான் முதலில் கேட்டார்கள். 'பழைய நோயை மறைத்துள்ளீர்கள்.' பணமும் இல்லை, பாலிசியும் ரத்து. அண்ணியின் சங்கிலியும் நாலு வளையலும் அடகுக்குப் போயின. அதைவிடக் கொடுமை, ஆறு மாசம் அண்ணி என்னைப் பார்க்கும்போதெல்லாம் கேட்டாங்க: "தம்பி, நான் டாக்டர்கிட்ட சொன்னது தப்பா?"

கட்டிய கணவனைக் காப்பாற்ற உண்மை சொன்ன ஒரு பெண்ணைக் குற்றவாளி மாதிரி நிற்க வைத்ததே, அதற்குப் பேர்தான் சமாளிப்பு, நடுவர் அவர்களே! (கைதட்டல்)

கணக்கையும் பாருங்கள். அன்றைய விதிப்படி பழைய நோய்க்கு அதிகபட்சக் காத்திருப்பு 4 வருஷம். 2017-இல் சொல்லி, கம்பெனியும் ஏற்றுக்கொண்டிருந்தால், 2021-லேயே அது முடிந்திருக்கும். 2022-இல் வந்த பில்லைச் சர்க்கரையைக் காட்டி மறுக்க முடியாது. நாலு வருஷத்துக்குப் பயந்து, ஐந்தாவது வருஷம் மாட்டிக்கிட்டார்!

2024-இல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் அந்தக் காத்திருப்பை 3 வருஷமாகக் குறைத்தது. 5 வருஷம் விடாமல் பாலிசி ஓடிவிட்டால் அதற்குப் பிறகு 'மறைத்தாய்' என்று கிளெய்மை மறுக்கக் கூடாது என்றும் சொன்னது. முன்பு அது 8 வருஷம். உடனே எதிரணி துள்ளுவாங்க, "அப்போ அஞ்சு வருஷம் சமாளிச்சா போதுமே!" பொறுங்க. மோசடி என்று நிரூபணமானால் அந்தப் பாதுகாப்பு கிடையாது. தினமும் மாத்திரை போடுகிறவர் 'மறந்துட்டேன்'னு சொன்னா யாரய்யா நம்புவா? நெஞ்சுவலியும் அஞ்சு வருஷம் முடியட்டும்னு வாசலில் நிற்குமா?

குற்றமில்லாத நன்மை தந்தால் பொய்யும் வாய்மைதான் என்று வள்ளுவர் சொன்னாரே என்று கேட்டார் நண்பர். வள்ளுவர் ஏஜெண்ட் கமிஷனைப் பற்றிச் சொல்லவில்லை! (சிரிப்பு)

உண்மையைச் சொன்னால் கதவெல்லாம் திறக்கும் என்று நான் ஏமாற்ற மாட்டேன். ஏழைகளுக்காக 2018-இல் வந்த ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் பழைய நோய்க்கும் முதல் நாளிலிருந்தே சிகிச்சை உண்டு. தனியாகப் பாலிசி எடுக்கிற நடுத்தரக் குடும்பத்துக்குத்தான் இந்தப் பாடு. 2024 கடைசியில் அண்ணன் மறுபடி விண்ணப்பித்தார். இரண்டு கம்பெனிகள் வேண்டாம் என்றன. மூன்றாவது கம்பெனி ஒத்துக்கொண்டது. பிரீமியம் கூடுதல், காத்திருப்பு 3 வருஷம். நோய் வருவதற்கு முன்னாலேயே, நாற்பது வயசிலேயே எடுத்திருக்கலாம். யார் கேட்டா?

இந்த முறை படிவம் நிரப்பும்போது அண்ணி பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். சர்க்கரை, ஸ்டென்ட், ரத்தக் கொதிப்பு, 1998-இல் எடுத்த குடல்வால், முழங்கால் வலி... ஏஜெண்ட் கையெடுத்துக் கும்பிட்டார். "அம்மா, எழுத இடம் இல்லைம்மா!" அண்ணி விடவில்லை. "தனித்தாள் தர்றேன், எழுதுங்க. குறட்டையும் உண்டு!" (பலத்த சிரிப்பு)