வெந்நீர் அண்டாவை இறக்குவது யார்?



இன்றைக்குக் குளியலைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். காலையில் நாலு சொம்பு தண்ணீரை ஊற்றிக்கொண்டு பேருந்துக்கு ஓடுகிறோமே, அந்தக் குளியல் இல்லை. அரை நாளை எடுத்துக்கொள்ளும் குளியல். உடம்பைச் சூடாக்கி, தேய்த்து, கழுவி, பசி வந்து, வயிறாரச் சாப்பிட்டு, கண் சொக்க உட்கார்ந்திருப்பது வரைக்கும் சேர்த்துக் குளியல் என்றே பெயர் வாங்கிய குளியல்.

ரஷ்யர்கள் இதற்கென்று தனியாக ஒரு வீடே கட்டி வைத்திருக்கிறார்கள். அதன் பெயர் பான்யா. கிராமம் என்றால் தோட்டத்து மூலையில் மரத்தடிகளை அடுக்கிக் கட்டிய சின்ன அறை. நகரம் என்றால் கட்டணம் கொடுத்துப் போகிற பொதுக் குளியலகம். மாஸ்கோவில் சந்தூனி என்று புகழ்பெற்ற ஒன்று இருக்கிறது. நாடக நடிகர்களான கணவனும் மனைவியும் 1808-இல் தொடங்கியது. இப்போதுள்ள பளிங்குக் கட்டடம் 1896-இல் வந்தது. இன்றைக்கும் அங்கே கூட்டம்தான்.

உள்ளே என்ன நடக்கிறது? ஒரு பெரிய அடுப்புக்குள் கற்கள் பழுக்கக் காய்ந்துகொண்டிருக்கும். நீளக் காம்பு வைத்த அகப்பையால் வெந்நீரை மொண்டு அதன்மேல் வீசுவார்கள். குபீரென்று ஆவி கிளம்பும். சுவரை ஒட்டிப் படிப்படியாகப் பலகைகள் இருக்கும். மேல்படிக்கு ஏற ஏறச் சூடு அதிகம். தலையில் கம்பளித் தொப்பி போட்டுக்கொள்வார்கள். குளிருக்காக இல்லை, மண்டை சூடேறிவிடக் கூடாதே என்று. பிர்ச் மரத்தின் சிறுகிளைகளை இலையோடு கொத்தாகக் கட்டி, வெந்நீரில் ஊறவைத்து, ஒருவர் படுத்திருக்க இன்னொருவர் அந்தக் கொத்தால் தோளிலிருந்து உள்ளங்கால் வரை தட்டிக்கொண்டே வருவார். பிறகு வெளியே ஓடிப்போய்ப் பச்சைத் தண்ணீர்த் தொட்டியில் ஒரு முங்கு. பனிக்காலம் என்றால் பனியிலேயே புரளுவதும் உண்டு. மறுபடி உள்ளே. இப்படி இரண்டு சுற்று, மூன்று சுற்று.

சுற்றுக்குச் சுற்று நடுவில் மேசை. சமோவார் பாத்திரத்திலிருந்து தேநீர், தொட்டுக்கொள்ளத் தேன், கருப்பு ரொட்டியைப் புளிக்கவைத்து எடுக்கிற குவாஸ் என்ற பானம், உப்பிட்ட வெள்ளரிக்காய், மாவுக்குள் கறி வைத்து வேகவைத்த பெல்மெனி. உப்புப் போட்டுக் காயவைத்த மீனும் உண்டு, நம்மூர்க் கணக்கில் கருவாடு. துண்டைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்து அரட்டை அடித்தபடியே சாப்பிடுவார்கள். நனைந்துவிட்டு வீட்டுக்குப் போவது அவர்களுக்குக் குளியலே ஆகாது.

வெளியூர்க்காரர்களுக்கு இது எப்போதுமே வேடிக்கையாகத்தான் இருந்திருக்கிறது. 12-ஆம் நூற்றாண்டில் தொகுக்கப்பட்ட ரஷ்யப் பழங்காலக் குறிப்பேடு ஒன்றில் ஒரு கதை வருகிறது. மயிலாப்பூருக்கு வந்ததாக நம் பக்கம் சொல்கிறோமே புனித தோமையார், அவரைப் போலவே இயேசுவின் சீடரான அந்திரேயா வடக்கே நோவ்கோரோத் பக்கம் போனாராம். அங்குள்ளவர்கள் மர அறையைக் கொதிக்கக் காயவைத்து, துணி இல்லாமல் உள்ளே போய், தங்களைத் தாங்களே விளாறால் அடித்துக்கொண்டு, அரை உயிராக வெளியே வந்து குளிர்நீரை ஊற்றிக்கொள்வதைப் பார்த்து அசந்துபோனாராம். யாரும் வதைக்காமல் தானாகவே வதைபடுகிறார்களே என்று ரோமாபுரியில் போய்ச் சொன்னதாகக் கதை.

மதுரைக்காரர்களுக்கும் அப்படித்தான் தோன்றும். கத்திரி வெயிலில், மதியம் ரெண்டு மணிக்கு, பெரியார் பேருந்து நிலையத்தில் கிளம்பாமல் நிற்கிற டவுன் பஸ்ஸுக்குள் உட்கார்ந்திருந்தால் அதுவே பான்யாதான், இதற்குப் போய்க் காசு கொடுப்பார்களா என்று கேட்பீர்கள். ஆனால் நேயர்களே, நாமும் அதே வேலையை வேறு வழியில் செய்துகொண்டிருந்தவர்கள்தான். சூட்டுக்குச் சூடு, இலைக்கு இலை, சாப்பாட்டுக்குச் சாப்பாடு.

முதலில் வேது பிடிப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். வாய்க்கால் கரையில் நொச்சி தானாக வளர்ந்து கிடக்கும். அதை ஒடித்து வந்து, மஞ்சள் தட்டிப்போட்டுப் பானையில் கொதிக்கவிட்டு, போர்வைக்குள் தலையைக் கொடுத்து ஆவி பிடிப்போம். பிள்ளை பெற்ற பெண்ணுக்கும் உடம்பு வலிக்காரர்களுக்கும் சில வீடுகளில் இன்னொரு முறை இருந்தது. செங்கல்லை அடுப்பில் பழுக்கக் காய்ச்சி, நொச்சித் தண்ணீருக்குள் இடுக்கியால் இறக்குவார்கள். ‘சொய்ங்’ என்று சத்தம் வரும், போர்வைக்குள் ஆவி நிறையும். ரஷ்யன் கல்லின் மேல் தண்ணீரை ஊற்றுகிறான், நாம் தண்ணீருக்குள் கல்லைப் போட்டோம். சித்த மருத்துவம் சொல்லும் 32 வகைப் புற மருத்துவத்தில் வேதும் ஒன்று, உடம்பைப் பிடித்துவிடும் தொக்கணமும் ஒன்று.

அடுத்தது எண்ணெய்க் குளியல். ஆண்களுக்குச் சனி, பெண்களுக்குச் செவ்வாய், வெள்ளி என்று கிழமை பிரித்து வைத்திருந்தார்கள். நாலு நாளைக்கு ஒருமுறை எண்ணெய் தேய்த்துக் குளிக்கச் சொல்கிறது சித்தர் தேரையர் பெயரில் வழங்கும் நோயணுகா விதி. மதுரையை அடுத்த வாடிப்பட்டிப் பக்கம் இதற்கு வேண்டியது எதையும் தேடி அலைய வேண்டியதில்லை. செக்கு நல்லெண்ணெய் கிடைக்கும். வெற்றிலைக்குச் சோழவந்தான் பக்கத்திலேயே இருக்கிறது. தேங்காய் வியாபாரம் நடக்கிற ஊர் என்பதால் அடுப்புக்கு மட்டை, பாளை, சிரட்டைக்குப் பஞ்சமில்லை. தலைக்கு அரப்பு. உசில மரத்து இலையைக் காயவைத்து இடித்தால் அதுதான் அரப்பு.

எண்ணெய் காய்ச்சுவதில் ஒரு பதம் இருக்கிறது. இரும்புக் கரண்டியில் நல்லெண்ணெயை ஊற்றி, நாலு மிளகு, கொஞ்சம் சீரகம், ஒரு பல் பூண்டு போட்டு, கடைசியில் வெற்றிலையைக் கிள்ளிப் போடுவார்கள். வெற்றிலை சடசடவென்று பொரிந்து, ஓரம் சுருண்டு, பச்சை மாறும்போது இறக்கிவிட வேண்டும். இன்னும் கொஞ்சம் விட்டால் கருகல் வாடை வந்துவிடும். கை பொறுக்கும் சூட்டில் அதை உச்சந்தலையில் வைத்து, உள்ளங்கையால் தட்டித் தட்டி இறக்குவார்கள். பிறகு காது மடல், புருவம், மூட்டுக்கு மூட்டு, கடைசியில் உள்ளங்கால். இளவெயிலில் அரைமணி நேரம் ஊற வேண்டும். அதற்குள் புறக்கடையில் அண்டாத் தண்ணீர் தளதளக்கும். அரப்பைச் சோறு வடித்த கஞ்சியில் குழைத்துத் தேய்த்தால் எண்ணெய் போகும், ஆனால் முழுக்கப் போகாது. தோலில் மெல்லிசாக ஒரு நெய்ப்பு மிச்சம் இருக்கும். அது இருக்க வேண்டும் என்பதுதான் கணக்கு. அரப்போ சீயக்காயோ கண்ணில் பட்டால் எரிச்சலில் ஊரைக் கூட்டிய பிள்ளைகள் இதைக் கேட்டுக்கொண்டிருப்பீர்கள், இப்போது பேரன் பேத்தி எடுத்திருப்பீர்கள்.

குளித்து வந்ததும் எடுக்கிற பசி, சாதாரணப் பசி இல்லை. அதற்கென்று சாப்பாடும் தனி. மிளகு தூக்கலாக வைத்த ரசம், பருப்புத் துவையல், சுட்ட அப்பளம், பூண்டுக் குழம்பு. கறி தின்கிற வீட்டில் நாட்டுக்கோழியை அம்மியில் அரைத்த மசாலாவோடு சாறாக வைத்து, ஆவி பறக்க ஊற்றுவார்கள். தயிர், மோர், குளிர்ந்த தண்ணீர் கூடாது. பகலில் தூங்கவும் கூடாது. கண் சொருகும், ஆனால் படுக்க விடமாட்டார்கள். அந்த நேரத்தைக் கடத்துவதற்கே திண்ணைப் பேச்சு.

ஒற்றுமை இதோடு நிற்கவில்லை. ரஷ்யாவில் பான்யாவிலிருந்து வருகிறவரைப் பார்த்தால், ஆவி இதமாக இருந்திருக்கட்டும் என்ற பொருளில் வாழ்த்துச் சொல்வார்கள். எல்தார் ரியாசானவ் எடுத்த ஒரு திரைப்படத்தின் தலைப்பிலேயே அந்த வாழ்த்து இருக்கிறது. புத்தாண்டுக்கு முந்தின நாள் நண்பர்களோடு பான்யாவுக்குப் போய், குடித்துவிட்டு, ஊர் மாறிப் போய் விழிக்கும் ஒருவனின் கதை. 1976 ஜனவரி முதல் தேதி தொலைக்காட்சியில் வந்தது, இன்றைக்கும் புத்தாண்டு தோறும் போடுகிறார்கள். நம்மூரிலும் வருஷத்தில் ஒருநாள் குளித்ததை விசாரிப்பதே வாழ்த்தாக இருக்கிறது. தீபாவளி காலையில் ‘கங்கா ஸ்நானம் ஆச்சா?’ என்று கேட்கிறோமே, அதுதான்.

ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. அவர்களுக்கு அது வாராவாரம் நடக்கிறது. நமக்குத் தீபாவளியோடு சரி. அந்த ஒருநாளும், பாட்டி இருந்தால் தலையில் ஒரு சொட்டு வைத்துவிடுவார், அவ்வளவுதான். ஏன் இப்படி ஆயிற்று?

ஷாம்பு வந்தது, நாகரிகம் மாறியது, பிள்ளைகள் கேட்பதில்லை என்று காரணம் சொல்வார்கள். எனக்கு அது பொருந்தவில்லை. ரஷ்யாவிலும் ஷாம்பு வந்தது, வீட்டுக்குள் குழாய் வந்தது, அடுக்குமாடியும் வந்தது. பான்யா போகவில்லை. அது வீட்டுக்கு வெளியே, கட்டணம் வாங்குகிற பொது இடமாகவும் இருந்தது. அடுப்பைப் பார்த்துக்கொள்ளச் சம்பளத்துக்கு ஆள் இருந்தார், துடைத்துக் கழுவ ஆள் இருந்தார். சோவியத் காலத்தில் அது படாத பாடு பட்டதும் உண்டு. மிகயீல் சோஷ்சென்கோ 1920-களில் எழுதிய குளியலகக் கதையில், துணிக்கும் கோட்டுக்கும் கொடுத்த சீட்டுகளை அம்மணமாக நிற்கிறவன் எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் காலுக்கொன்றாகக் கட்டிக்கொள்கிறான். தண்ணீரில் சீட்டு கரைந்துபோகிறது. அப்படியும் ஜனங்கள் போய்க்கொண்டேதான் இருந்தார்கள்.

நம்முடைய எண்ணெய்க் குளியல் முழுக்க முழுக்க வீட்டுக்குள் இருந்தது. அதாவது, பெண்கள் தலையில் இருந்தது. எண்ணெய் காய்ச்சியது யார்? விடியுமுன் அண்டாவுக்குத் தண்ணீர் இறைத்து மட்டையைச் செருகி ஊதியது யார்? சீயக்காய் இடித்தது, முதுகு தேய்த்தது, கோழி அறுத்தது, அம்மி அரைத்தது? எண்ணெய்ச் சிக்குப் பிடித்த துண்டைச் சவுக்காரம் போட்டு அடித்துத் துவைத்தது? வழுக்கும் புறக்கடைத் தரையைத் தேய்த்துக் கழுவியது? குளித்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்தவர் ஆண். அவருக்கு அது ஓய்வு நாள். வீட்டுப் பெண்களுக்கு அது இரட்டை வேலை நாள். அந்தப் பெண்கள் படித்து, சனிக்கிழமையும் வேலைக்குப் போகத் தொடங்கியதும் அண்டா பரணுக்கு ஏறிவிட்டது. ஏறத்தான் செய்யும்.

சரி, ரஷ்யர்கள் மாதிரி ஊருக்குப் பொதுவாக ஒன்று இங்கே ஏன் உருவாகவில்லை என்று கேட்டால், பதில் கசப்பானது. எல்லோரும் துணியைக் களைந்து ஒரே பலகையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வேண்டும், ஒருவர் முதுகை இன்னொருவர் தொட வேண்டும். ஊருணியில் இறங்குவதற்கே சாதி பார்த்த ஊர்கள் நம்முடையவை. ஆவியடிக்கிற அறையில் யார் யாருக்கு முதுகு தேய்ப்பது? வாய்க்காலில் தண்ணீர் ஓடும்போது வேண்டுமானால் கொஞ்சம் தளர்வு இருந்தது. பேரணை அணைக்கட்டிலிருந்து பெரியாறு பிரதான வாய்க்காலில் தண்ணீர் திறந்துவிட்டால் வாடிப்பட்டிப் பக்கமெல்லாம் குளியல் திருவிழாதான். பம்புசெட் தொட்டியிலும் அப்படித்தான். ஆனால் அங்கே சூடும் இல்லை, சாப்பாடும் இல்லை.

உடம்புக்கு நல்லதா என்ற கேள்வி வரும். கிழக்குப் பின்லாந்தில் 2,315 நடுவயது ஆண்களை இருபது ஆண்டு போலத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2015-இல் வெளியானது. வாரத்தில் நாலு முதல் ஏழு முறை சௌனாவுக்கு, அதாவது பான்யாவைப் போன்ற அந்த ஊர்ச் சூட்டு அறைக்கு, போனவர்களிடம், ஒருமுறை மட்டும் போனவர்களைவிடத் இதயம் திடீரென நின்று வரும் சாவு குறைவாக இருந்தது. சௌனாதான் காரணம் என்று அதை வைத்து முடிவுகட்டிவிட முடியாது. உடம்பு தெம்பாக இருப்பவர்கள் அடிக்கடி போயிருக்கலாம். நம் எண்ணெய்க் குளியலுக்கு அந்த அளவில் பெரிய ஆய்வு எதையும் நான் எடுத்துக்காட்டப் போவதில்லை. நன்றாகப் பசிக்கும், நன்றாகத் தூக்கம் வரும், வறண்ட தோலுக்கு இதமாக இருக்கும். அனுபவத்தில் இவ்வளவுதான் சொல்வேன், எனக்கு அது போதும்.

சில எச்சரிக்கைகளைச் சொல்லியாக வேண்டும். இதயநோய், ரத்த அழுத்தம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் ஆவி அறைக்குப் போகுமுன் மருத்துவரைக் கேளுங்கள். குடித்துவிட்டு ஒருபோதும் போகாதீர்கள். கைக்குழந்தையின் மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடும் வழக்கத்தை அடியோடு விட்டுவிடுங்கள். மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் நிமோனியா வரலாம். எண்ணெய்க் காலோடு டைல்ஸ் தரையில் நடப்பவர்கள், குறிப்பாக வயதானவர்கள், சுவரைப் பிடித்துக்கொண்டு நடங்கள். வேது பிடிக்கும் கொதிநீர்ப் பானையைப் பிள்ளைகள் ஓடியாடும் இடத்தில் வைக்காதீர்கள்.

எண்ணெய்க் குளியல் திரும்ப வர வேண்டும் என்று ஆசைப்படுகிற ஆண் நேயர்களுக்கு ஒரு வேண்டுகோள். வருகிற சனிக்கிழமை நீங்களே எண்ணெயைக் காய்ச்சுங்கள். வெந்நீரை நீங்களே இறக்குங்கள். வீட்டில் எல்லோரும் குளித்து முடிக்கும்வரை ரசம் வைக்கும் பொறுப்பையும் நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். கடைசியாக, அந்த எண்ணெய்த் துண்டுகளையும் துவைத்துக் கொடியில் போட்டுவிட்டு வந்து திண்ணையில் உட்காருங்கள்.