முதலிற் பாடசாலை, பின்னர் யந்திரம்
(நவீன போதனையில் இலக்கமுறைத் தொழினுட்பம் பற்றிச் சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



இன்று பேசுவதற்கு எமக்குத் தரப்பட்ட பொருள் நவீன போதனையில் இலக்கமுறைத் தொழினுட்பம் என்பதாகும். பொருளின் பெயரைக் கேட்டவுடனே முன்வரிசையிலுள்ள பெரியோர் சிலர் முகஞ் சுளிப்பதையும், பின்வரிசையிலுள்ள வாலிபர் சிலர் நிமிர்ந்து உட்காருவதையும் காண்கின்றோம். கைத்தொலைபேசி வந்தது, பிள்ளைகளின் படிப்புப் போயிற்று என்பது ஒரு சாரார் கட்சி. இக்கருவிகளின்றி இனிப் படிப்பே இல்லை என்பது மற்றச் சாரார் கட்சி. இரண்டிலும் பாதி உண்மை உண்டு. மற்றப் பாதியை ஆராய்ந்து, எமது சங்கம் செய்யத்தக்கது யாது என்று துணிவதே இன்றைய நோக்கமாகும்.

போதனையிற் புதுக்கருவி புகுவது நமக்குப் புதிதன்று. மணலில் விரலால் எழுதிய பிள்ளை பின்னர் ஏட்டில் எழுத்தாணியால் எழுதிற்று. ஏடு போய்க் கடதாசி வந்தது. சிலேற்று வந்தது, கரும்பலகை வந்தது. விஜயதசமியன்று அரிசியிற் பிள்ளையின் விரல் பிடித்து அகரம் எழுதுவிக்கும் வழக்கம் மாத்திரம் இன்றும் மாறவில்லை. கருவி மாறினும், பிள்ளையின் விரலைப் பிடிக்கும் கை ஒன்று வேண்டுமென்பதை அவ்வழக்கம் ஆண்டுதோறும் நமக்கு நினைவூட்டுகின்றது.

இவ்விடத்தில் நல்லை நகர் ஆறுமுக நாவலர் அவர்களை நினையாதிருத்தல் இயலாது. 1822 இற் பிறந்த அப்பெரியாரின் காலத்தில் நவீன தொழினுட்பம் என்பது அச்சியந்திரமே. மிஷனரிமார் அதனைக் கைக்கொண்டு பாடப் புத்தகங்களை வெளியிட்டுக் கல்வியைத் தம் வசமாக்கி வந்தனர். நாவலர் அதனை அந்நியர் கருவியென்று ஒதுக்கினாரல்லர். 1849 இற் சென்னை சென்று அச்சியந்திரம் வாங்கிவந்து வண்ணார்பண்ணையில் நிறுவினார். ஏட்டுச் சுவடிகளில் அடங்கிக் கிடந்த நூல்களைப் பரிசோதித்து அச்சேற்றினார். சிறுவர் படிப்படியாக வாசிக்கத்தக்க பாலபாடங்களைத் தெளிந்த வசன நடையில் எழுதினார்.

ஆனால் அன்பர்களே, இங்கே ஓர் ஆண்டுக் கணக்கை உற்று நோக்குதல் வேண்டும். அவர் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கியது 1848 இல். யந்திரம் வாங்கச் சென்றது 1849 இல். முதலிற் பாடசாலை, பின்னரே யந்திரம். முதலிற் பிள்ளைகளைக் கூட்டினார்; அவர்களுக்கு எது தேவையென்று கண்டார்; அத்தேவைக்காக யந்திரத்தைத் தேடினார். இந்த வரிசையை மாற்றிய இடங்களிலெல்லாம் காசு போயிற்று, கல்வி வரவில்லை. அதற்குச் சான்று பின்னே கூறுவோம்.

நிற்க, எமது ஊரின் கதைக்கு வருவோம். ஓமந்தை என்றாற் பல்லாண்டு காலம் நாடெங்கும் நினைவுக்கு வந்தது கல்வியன்று, சோதனைச் சாவடியே. ஏ-9 வீதியாற் போனவரும் வந்தவரும் இங்கே இறங்கி, பொதியவிழ்த்துக் காட்டி, மணிக்கணக்கிற் காத்து நின்றனர். 1990 இற்குப் பின்னான யுத்த காலத்தில் வன்னிக்கு மின்சாரமில்லை. மண்ணெண்ணெய்க்குத் தட்டுப்பாடு. மின்கலமோ தடைசெய்யப்பட்ட பொருள். அக்காலத்திற் பிள்ளைகள் எவ்வாறு படித்தார்கள் என்பதை இங்கிருக்கும் தாய்மார் அறிவர். ஜாம் போத்தலிற் சிறிதளவு எண்ணெய் விட்டு, சிறு திரியிட்டு, அவ்வொளியைச் சுற்றி நாலு பிள்ளைகள் வட்டமாயிருந்து படித்தார்கள். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திப் பெடலைக் கையாற் சுற்றி, டைனமோ தந்த மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டார்கள். புத்தாக்கம், புத்தாக்கம் என்று இன்று மேடைதோறும் பேசப்படுகிறதே, அது இதுதான். இருப்பதைக் கொண்டு, இல்லாததற்கு வழி காண்பதே புத்தாக்கமாகும்.

2011 இல் இரயில் மீண்டும் ஓமந்தை வரை வந்தது. 2014 இல் யாழ்ப்பாணம் வரை சென்றது. சோதனைச் சாவடியும் 2015 இல் அகற்றப்பட்டது. ஆயின் அதன் பின்னரும் ஒரு தடை எமது பிள்ளைகளின் முன்னே எழுந்தது. அது கண்ணுக்குத் தெரியாத தடை. அதனை நாம் கண்டது 2020 இலேதான்.

அவ்வாண்டு மார்ச் மாதத்திற் கோவிட் நோயின் காரணமாக நாட்டின் பாடசாலைகள் யாவும் மூடப்பட்டன. திறப்பதும் மீண்டும் மூடுவதுமாக 2021 இன் பிற்பகுதி வரை சென்றது. வகுப்பறை கைத்தொலைபேசிக்குள் புகுந்தது. ஊவாவின் மலைக்கிராமமொன்றில் ஆசிரியரும் மாணாக்கரும் சமிக்ஞை தேடிக் காட்டுவழியே நடந்து பாறையுச்சியில் ஏறிப் படித்த செய்தி 2021 இல் உலகப் பத்திரிகைகளிலும் வெளிவந்தது.

நாமும் அக்காலத்திற் சும்மா இருந்தோமல்லோம். வட்ஸ்அப் குழு ஒன்றை அமைத்தோம். பாடக் குறிப்புகளையும் வினாத்தாள்களையும் அதில் இட்டோம். பிள்ளைகள் பார்த்தார்கள் என்பதற்கு அடையாளம் வந்ததும், பணி நிறைவேறிற்றென்று மகிழ்ந்தோம். அக்குழுவில் யார் இருக்கிறார்கள் என்று பார்த்தோமேயன்றி, யார் இல்லை என்று பார்த்தோமில்லை. எட்டாந் தரத்திற் படித்த ஒரு பிள்ளையின் வீட்டிற் பிள்ளைகள் மூவருக்கும் ஒரே தொலைபேசி. அதுவும் காலையிற் தகப்பனாருடன் மேசன் வேலைக்குப் போய்விடும். இரவு வரும்போது அதில் மின்னேற்றமும் இருக்காது, தரவுக்குக் காசும் இருக்காது. பாடசாலை திறந்தபோது அப்பிள்ளை வரவில்லை. விசாரித்தபோது, நகரத்துக் கடையொன்றில் வேலைக்குச் சேர்ந்துவிட்டதாகச் சொன்னார்கள். எமது வீட்டிலிருந்து அப்பிள்ளையின் வீடு சைக்கிளிற் பத்து நிமிடத் தூரம். அந்தப் பத்து நிமிடத்தை நாம் செலவிடவில்லை. இதனை ஒருவரைக் குறைகூறுவதற்காகச் சொல்லவில்லை. குறை எம்முடையது. ஜாம் போத்தல் விளக்கின் முன்னே நாலு பிள்ளைகள் இருக்கலாம். ஆனால் கைத்தொலைபேசியோ ஒரு பிள்ளைக்கு மாத்திரம் வெளிச்சம் காட்டி, அயல்வீட்டுப் பிள்ளையை இருளில் விட்டுவிடும் என்பதை நாம் அறியாதிருந்தோம்.

இனி, முன்னர் கூறுவதாகச் சொன்ன சான்றுக்கு வருவோம். தென் அமெரிக்காவிலுள்ள பெரு என்னும் நாடு, பிள்ளைக்கொரு மடிக்கணினி என்ற திட்டத்தின் கீழ்க் கிராமத்துப் பாடசாலைகளுக்கு ஏராளமான கணினிகளை வழங்கியது. 319 கிராமப்புற ஆரம்பப் பாடசாலைகளை ஆராய்ந்து அமெரிக்க நாடுகளிடை அபிவிருத்தி வங்கி 2012 இல் முடிவை வெளியிட்டது. கணினி வந்தது, பிள்ளைகள் அதனைக் கையாளப் பழகினார்கள். ஆனால் கணிதத்திலும் மொழியிலும் பெறுபேறு உயர்ந்ததற்குச் சான்று காணப்படவில்லை. யந்திரம் முதலில் வந்தது. அதனால் எதைக் கற்பிப்பது, எவர் கற்பிப்பது என்பவை பின்னுக்குத் தள்ளப்பட்டன.

இதற்கு எதிரான சான்று அண்டை நாட்டிலேயே உண்டு. டில்லி நகரில் ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளுக்குப் பாடசாலை விட்டபின் நடத்தப்பட்ட மைன்ட்ஸ்பார்க் நிலையங்களை ஆராய்ந்த கட்டுரையொன்று 2019 இல் வெளிவந்தது. அங்கே பிள்ளைக்கு நாளொன்றுக்கு 90 நிமிடம். அதிற் பாதி, கணினியின் முன்னே தனியே பயிற்சி. மற்றப் பாதி, பன்னிரண்டு பதினைந்து பிள்ளைகள் கொண்ட குழுவாக ஒரு துணையாசிரியரிடம் பாடம். அக்கணினி பிள்ளையின் வகுப்பைப் பார்த்து வினா விடுவதில்லை. பிள்ளையின் நிலையைப் பார்த்தே வினா விட்டது. ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் கணிதத்தில் ஏறத்தாழ இரண்டரை வகுப்புப் பின்தங்கியிருந்தமை அதனால் வெளிப்பட்டது. நாலரை மாதத்தில் அப்பிள்ளைகள் கணிதத்திலும் ஹிந்தி மொழியிலும் மற்றப் பிள்ளைகளினும் கணிசமாக முன்னேறினர்.

பெருவிலும் கணினி, டில்லியிலும் கணினி. வேற்றுமை எங்கே? டில்லியில் முதலிற் பிள்ளை எந்தப் படியில் நிற்கின்றது என்று பார்த்தார்கள். அப்படியிலிருந்து கைபிடித்து ஏற்ற ஒருவரையும் அருகில் இருத்தினார்கள். யுனெஸ்கோ நிறுவனமும் 2023 இல் இப்பொருள் பற்றி ஓர் உலக அறிக்கை வெளியிட்டு, தொழினுட்பம் யாருடைய நிபந்தனைப்படி கல்விக்குள் வருகின்றது என்று வினவியிருக்கின்றது. விற்பவன் நிபந்தனைப்படியா, படிப்பவன் தேவைப்படியா என்பதே அவ்வினாவின் சாரம்.

வாலிப அன்பர்களே, இக்கருவிகளால் தமிழ்ப் பிள்ளைக்குக் கிடைத்த செல்வத்தையும் சொல்லாமல் விடுதல் நியாயமன்று. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது தொண்ணூறாயிரத்துக்கு மேற்பட்ட நூல்கள் சாம்பலாயின. 2005 இல் ஈழத்து இளைஞர் சிலர் நூலகம் என்ற பெயரிலேயே இணையத்தில் ஒரு நூல்நிலையத்தைத் தொடங்கினர். ஈழத்து நூல்களும் பத்திரிகைகளும் பாடசாலை மலர்களும் இன்று அதிற் பணமின்றிக் கிடைக்கின்றன. நெருப்பால் அழிந்ததை நினைந்து அழுததோடு நில்லாமல், நெருப்பு எட்டாத இடத்தில் நூல்களை அடுக்கிய அவ்விளைஞர்களும் உங்கள் போன்ற வாலிபரே. கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ இணையத்தளத்திலும் தமிழ்மொழிப் பாடங்கள் உள்ளன. அவற்றைத் தேடி எடுத்துக் கொடுப்பவர் இல்லாமையே குறை.

சிறியதாயினும் வேறொரு குறையையும் சொல்லவேண்டும். எம்மவர் பலர் இன்னும் பாமினி எழுத்துருவிலேயே வினாத்தாள் தட்டெழுதுகின்றனர். அவ்வெழுத்துரு இல்லாத கருவியில் அது பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகத் தோன்றுகின்றது. யுனிகோட் முறையில் எழுதினால் எக்கருவியிலும் வாசிக்கலாம். வேண்டியபோது தேடியும் எடுக்கலாம். இது காசு வேண்டாத சீர்திருத்தம். ஒரு மாலைப்பொழுது பழகினாற் போதும்.

2022 நவம்பரில் சட்ஜிபிடி வெளிவந்த பின்னர், கேட்டவுடன் கட்டுரை எழுதித் தரும் யந்திரமும் பிள்ளைகளின் கைக்கு வந்துவிட்டது. பெரியோரின் அச்சம் இங்கே நியாயமானதே. யந்திரம் எழுதிய கட்டுரையைப் பார்த்தெழுதும் பிள்ளை, பிறர் உண்ணத் தன் பசி தீருமென்று எண்ணும் பிள்ளையை ஒக்கும். அன்றியும், அந்த யந்திரம் பிழையையும் ஐயமற்ற குரலிலேயே சொல்லும். ஆயினும், விளங்காத கணக்கைப் பத்துத்தரம் கேட்டாலும் சினவாமல் விளக்குவது அதன் நற்குணம். ஆகவே தடை செய்வதால் பயனில்லை. முறை வகுத்தலே வேண்டும். முதலிற் பிள்ளை தன் கையால் எழுதுக. பின்னர் யந்திரத்திடம் பிழை கேட்குக. அது சொன்னதைப் பாடநூலுடன் ஒப்பிட்டு, அது சரியோ என்று பிள்ளையே தீர்ப்புக் கூறுக.

இனி எமது சங்கத்தின் கடமை யாது? திறன்பலகை ஒன்று வாங்கி மண்டபத்திலே மாட்டவேண்டுமென்று சிலர் விரும்புகின்றனர். அதன்மேல் நன்கொடையாளர் பெயரைப் பொறிக்கலாம், திறப்புவிழாவும் நடத்தலாம். ஆனால் முதலிற் பாடசாலை, பின்னர் யந்திரம் என்ற வரிசையை மறவாதீர்கள். எமது கருத்து நான்கு.

முதலாவது, வீடுவீடாகச் சென்று, எப்பிள்ளைக்குக் கருவி இல்லை, எப்பிள்ளை பாடசாலைக்கு ஒழுங்காகப் போவதில்லை என்று ஓர் இடாப்பு எழுதுதல். இதற்குத் தேவையானது ஒரு கொப்பியும் சைக்கிளுமே.

இரண்டாவது, வாரத்தில் நாலு மாலைப்பொழுது மண்டபத்தைத் திறந்து வைத்தல். வீடுகளிற் பாவனையின்றிக் கிடக்கும் தொலைபேசிகளைச் சேகரித்துத் திருத்தினாற் தொடக்கத்துக்குப் போதும். பாதி நேரம் கருவி. பாதி நேரம் உயர்தர மாணாக்கரும் பல்கலைக்கழக மாணாக்கரும் அருகிலிருந்து சொல்லிக்கொடுத்தல். கருவி மண்டபத்திலேயே இருக்கும், வீட்டுக்குப் போகாது. பெரியோரின் கவலைக்கு இதுவே மறுமொழி.

மூன்றாவது, பாடங்களையும் நூல்களையும் ஒருமுறை தரவிறக்கி நினைவட்டையிற் சேமித்து, தொலைபேசிக்குத் தொலைபேசி மாற்றிக் கொடுத்தல். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் மின்சாரம் நின்றதை மறந்துவிடலாகாது. இணையம் நின்றாலும் பாடம் நிற்கலாகாது.

நான்காவது, ஊரிலுள்ள பழைய மலர்களையும் கையெழுத்துப் பிரதிகளையும் படம்பிடித்து நூலகத்துக்கு அனுப்புதல். எமது பிள்ளைகள் இணையத்திலிருந்து எடுப்பவராக மாத்திரமன்றி, அதற்குக் கொடுப்பவராகவும் வளர்வர்.

பெரியோர்களே, பிள்ளையின் கையிலுள்ள கருவியைப் பறிப்பதற்கு முன் ஒருநாள் அதன் அருகில் அமர்ந்து, இதில் என்ன படிக்கிறாய் என்று கேளுங்கள். வாலிபர்களே, பெரியோருக்கு ஒன்றுந் தெரியாதென்று எண்ணற்க. போத்தல் விளக்கிலே ஒரு தலைமுறையைப் படிப்பித்தவர்கள் அவர்கள். அவர்களிடம் பொறுமையைக் கற்று, அவர்களுக்குக் கருவியைக் கற்பியுங்கள்.

ஒருகாலத்தில் ஓமந்தையில் மனிதரும் பொருளும் மறிக்கப்பட்டனர். இனி இவ்வூரில் எந்தவொரு பிள்ளையின் கல்வியும் மறிக்கப்படலாகாது. கடைக்கு வேலைக்குப் போன அந்தப் பிள்ளைக்கு இப்போது படிப்பு வயது கடந்துவிட்டது. ஆயினும் அப்பிள்ளையின் தம்பியும் தங்கையும் இன்றும் இவ்வூரிலேயே படிக்கின்றனர். எமது இடாப்பின் முதல் வரியில் அவ்விருவர் பெயரையும் எழுதுவதற்கு, நாளை மாலை நாலு மணிக்கு மண்டப வாசலிற் சைக்கிளுடன் காத்திருப்போம். வர விரும்புவோர் வருக.