சுவருக்குள் இருந்த கடிதம்



பாரிஸ் நகரம், செயின்ட் அன்டுவான் பேட்டை, 1775. வண்டியிலிருந்து இறக்கும்போது ஒரு ஒயின் பீப்பாய் விழுந்து உடைகிறது. தெருவே வேலையைப் போட்டுவிட்டு ஓடி வருகிறது. கல் இடுக்கில் தேங்கியதைக் கையால் அள்ளிக் குடிக்கிறார்கள். பெண்கள் தலைத்துணியை அதில் தோய்த்து, கைக்குழந்தையின் வாயில் பிழிகிறார்கள். பிரெஞ்சுப் புரட்சிக்கு இன்னும் 14 ஆண்டு இருக்கிறது. ஆனால் அது ஏன் வந்தது என்பதை இந்த ஒரு காட்சியிலேயே காட்டிவிடுகிறார் சார்ல்ஸ் டிக்கன்ஸ்.

இந்தக் காட்சி வரும் 'இரு நகரங்களின் கதை' 1859இல் வாரத் தொடராக வந்த நாவல். பசித்து நிற்கும்வரை அந்த ஜனங்களின் பக்கம் இருக்கிறார் டிக்கன்ஸ். அவர்கள் ஆயுதம் எடுத்ததும் மிரண்டுபோகிறார். கதாநாயகி லூசியிடமும் கண்ணீரைத் தவிர அதிகம் இல்லை. போகட்டும், என்னை விடாமல் பிடித்துக்கொண்டது அவளுடைய அப்பா மானெட்.

மானெட் ஒரு டாக்டர். எவ்ரிமோண்ட் என்ற பிரபுக் குடும்பத்தின் அக்கிரமத்தை அம்பலப்படுத்த முயன்றதற்காக, விசாரணையே இல்லாமல் பஸ்தீல் சிறையில் 18 ஆண்டு கிடந்தவர். அங்கே கற்றது செருப்புத் தைக்கும் வேலை. விடுதலையான பிறகும் மனம் கலங்கினால் செருப்புத் தைக்கும் பலகையில் போய் உட்கார்ந்துவிடுவார். மகளின் கல்யாணத்தன்று தொடங்கி ஒன்பது நாள் அப்படி உட்கார்ந்திருந்தார். கடைசியில் நண்பர் லாரி, அவர் இல்லாத நேரத்தில் பலகையை உடைத்து எரித்துவிடுகிறார்.

1789 ஜூலை 14. பஸ்தீல் விழுகிறது. ஒயின் கடைக்காரர் தெஃபார்ஜ் நேரே மானெட் இருந்த அறைக்குப் போய்ப் புகைபோக்கியைக் குடைகிறார். உள்ளே ஒரு கடிதம். கரியையும் ரத்தத்தையும் குழைத்து மானெட் எழுதியது. எவ்ரிமோண்ட் வம்சத்தின் கடைசி ஆள்வரை சபிக்கும் கடிதம்.

அதே கடிதம். சில ஆண்டு கழித்துப் புரட்சி நீதிமன்றத்தில் அதை உரக்கப் படிக்கிறார்கள். கூண்டில் நிற்பவன் டார்னே, அந்த வம்சத்துப் பிள்ளை, லூசியின் கணவன். மாமனாரின் எழுத்தே சாட்சி. 24 மணி நேரத்தில் மரண தண்டனை.

மருமகனை மீட்க அதிகாரிகளிடம் கெஞ்சப் போகிறார் கிழவர். இரவில் திரும்பி வருகிறார். வந்தவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை. அறை முழுக்கக் கண்ணால் துழாவி, "என் பலகை எங்கே? அந்தச் செருப்பை முடிக்க வேண்டுமே" என்று கேட்கிறார்.